கேமரன் மலையில் நான்கு நாள் வீடு

அம்மாவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் நான்காக மடித்த ஒரு காகிதம். அம்மா அதை ‘சூரா’ என்றுதான் சொல்வார். பிறப்புச் சான்றிதழுக்கு மலாய் மொழியில் உள்ள பெயரின் முதல் பாதி அது. பிறந்த ஆண்டு 1958. பிறந்த இடம், கோலா தெர்லா, கேமரன் மலை, பகாங்.

அம்மாவின் அப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி அட்டை வாங்க வேண்டும் என்ற விதி மலேசியாவில் 1969-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தோட்டங்களில் இருந்த பல்லாயிரம் தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். தாத்தாவும் சிவப்பு அடையாள அட்டைக்காரர். பினாங்கில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கியபோது அம்மாவுக்குப் பதினோரு வயது. பிறகு துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம், கல்யாணம், நாங்கள் இரண்டு பிள்ளைகள், வயல், அப்பாவின் மறைவு. கோலா தெர்லா அந்த டப்பாவுக்குள்ளேயே கிடந்தது.

போன வருடம் எலும்பு மருத்துவர் அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். வீடு திரும்பும் வழியில் ஆட்டோவில் அம்மா கேட்டார்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை அங்க போயிட்டு வந்துரலாமா கண்ணு? அதுக்கப்புறம் எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?”

அறுவை சிகிச்சை ஜூலையில். மகனின் பள்ளி ஏப்ரல் கடைசியில் முடிகிறது. நடுவில் இருந்தது மே மாதம்தான்.

ஹோட்டலா, வீடா?

விமான டிக்கெட் எடுப்பது இன்று பெரிய வேலை இல்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசாவும் வேண்டாம். ஒரு ராத்திரியில் டிக்கெட் முடிந்தது. தங்கும் இடம் பிடிக்க மூன்று வாரம் ஆனது.

நாங்கள் நான்கு பேர். நான், கணவர், பத்து வயது மகன், அம்மா. ஹோட்டல் என்றால் இரண்டு அறை. அம்மாவைத் தனி அறையில் விட எனக்கு மனம் வரவில்லை. ராத்திரி இரண்டு முறை எழுந்திருப்பார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ வயிற்றுக்குள் போயாக வேண்டும். ஹோட்டலில் காலை உணவு தொடங்குவதற்குள் அவருக்குக் கை நடுங்கிவிடும்.

அதனால் சமையலறையும் இரண்டு படுக்கையறையும் உள்ள ஒரு அபார்ட்மென்ட்டை வாடகைக்கு எடுப்பது என்று முடிவானது. கேமரன் மலையில் இப்படி நாள் வாடகைக்கு விடும் அபார்ட்மென்ட்டுகள் ஏராளம். கோலாலம்பூர், ஈப்போ ஆட்கள் வாங்கிப் போட்டு, அவர்கள் வராத நாட்களில் வாடகைக்கு விடுகிறார்கள்.

நான் செய்த முதல் தவறு இங்கேதான். படம் பார்த்து மயங்கினேன். வெள்ளை மெத்தை, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, பலகணியில் இரண்டு நாற்காலி. நான்கு இரவுக்கு 920 வெள்ளி. (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் இன்றும் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வெள்ளிக்குச் சுமார் 20 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.) வீட்டு எண்ணில் ‘3ஏ’ என்று இருந்தது. மூன்றாவது மாடி, ஏ வீடு என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை அழகான வீட்டில் லிஃப்ட் இல்லாமலா இருக்கும்? பணம் கட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். “லிஃப்ட் இல்லை. நல்ல உடற்பயிற்சி” என்று சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது.

3ஏ என்றால் நான்காவது மாடி. சீன மொழியில் நான்கு என்ற சொல்லின் ஒலி சாவு என்ற சொல்லை நினைவூட்டும் என்பதால், மலேசியாவில் பல கட்டடங்களில் 4 என்ற எண்ணையே போடுவதில்லை. மூன்றுக்கு அடுத்தது 3ஏ, அதற்கு அடுத்தது 5. தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்காமல் நான்கு மாடி ஏற வேண்டும். எழுபது படிக்குக் குறையாது. முழங்கால் தேய்ந்த ஒரு அம்மாவுக்கு நான் எழுபது படியை வாடகைக்கு எடுத்திருந்தேன்.

ரத்து செய்தேன். பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. விதிமுறையில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காதது என் தவறு. அம்மாவிடம் சொல்லவில்லை. 460 வெள்ளி என்றால் எத்தனை மூட்டை நெல் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

ஒரே சாலையில் ஏழு ஊர்

இரண்டாவது முறை தேடுவதற்கு முன்னால் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. கேமரன் மலை என்பது ஓர் ஊர் அல்ல. 1885-ல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய நில அளவையாளரின் பெயரைத் தாங்கிய ஒரு மாவட்டம். தாப்பா பக்கமிருந்து ஏறினால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம், திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று ஒரே சாலையில் மணி கோத்தாற்போல ஊர்கள் வரும். விளம்பரத்தில் ‘கேமரன் மலையின் மையத்தில்’ என்று போட்டிருந்தால், அது இந்த ஏழில் எதுவாகவும் இருக்கலாம்.

இதில் இன்னொரு சிக்கல், கியா பார்ம் சந்தை. காய்கறி, ஸ்ட்ராபெர்ரி, சோளம் விற்கும் அந்த இடத்தில் சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் வண்டிகள் எறும்பு போல ஊரும். பிரிஞ்சாங்கிலிருந்து கோலா தெர்லா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வார நாளில் அரை மணிக்குள் போய்விடலாம். வார இறுதியில் அப்படி நம்பிப் புறப்பட முடியாது. அதனால் தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு, திங்கள் முதல் வெள்ளி வரை என்று நாளை மாற்றிக்கொண்டோம். வாடகையும் குறைந்தது.

கோலா தெர்லாவிலேயே தங்கலாமா என்றும் பார்த்தேன். நான் தேடிய நாட்களுக்குக் கிடைத்தவை தோட்டத்துச் சரிவில் இருந்த தங்கும் விடுதிகள். அம்மாவே தீர்ப்புச் சொன்னார். “தங்கறது எங்க வேணா தங்கலாம். படுத்து எந்திரிக்க, போக வர சுலபமா இருக்கணும்.”

வீடு தேடுகிற எவருக்கும் இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது என்று இப்போது தோன்றுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

வாடகைத் தளங்களில் பணம் கட்டும் வரை வீட்டின் சரியான இடத்தைப் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். வரைபடத்தில் ஒரு வட்டம் மட்டும் தெரியும். ஆனால் கட்டடத்தின் பெயரைக் கேட்டால் பல வீட்டுக்காரர்கள் சொல்லிவிடுகிறார்கள். பெயர் கிடைத்தால், சாலைக் காட்சிப் படத்தில் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம். ஏற்றமா, படியா, மழைக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

பிறகு ஒரு தாளில் கேள்விகளை எழுதி, பிடித்த ஐந்து வீடுகளுக்கும் அனுப்பினேன். தரையிலிருந்து எத்தனை படி? குளியலறையில் வெந்நீர் வருமா, தரை வழுக்குமா? எப்படிச் சமைக்கலாம்? (‘லேசான சமையல் மட்டும்’ என்று பல வீடுகளில் விதி இருக்கிறது. பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது என்ற வீடுகளும் உண்டு.) வண்டி நிறுத்த இடம் உண்டா? கம்பளி எத்தனை? முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும்? ரத்து செய்தால் எவ்வளவு போகும்? சாவியை யார் தருவார்கள்?

ஏசி இருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டாம். பிரிஞ்சாங் கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராத்திரியில் மின்விசிறிகூடத் தேவைப்படாது.

ஐந்து பேரில் ஒருவர் பதிலே தரவில்லை. ஒருவர், தளத்தை விட்டு வெளியே வந்து நேராக வங்கிக் கணக்கில் பணம் போட்டால் கால்வாசி குறைப்பதாகச் சொன்னார். அந்தப் பேச்சு வந்த உடனே ஒதுங்கிவிடுங்கள். தளத்துக்கு வெளியே கட்டிய பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. இரண்டு பேர் அரைகுறையாகச் சொன்னார்கள்.

ஐந்தாவது, பிரிஞ்சாங்கில் இருந்த ஒரு சீனப் பெண்மணி. என் கேள்விகளைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார். “அம்மாவுக்கு எத்தனை வயது?” சொன்னேன். அன்று சாயங்காலம் ஒரு நிமிட வீடியோ அனுப்பினார். தன் காரின் கதவைத் திறந்து இறங்கி, அங்கிருந்து நடந்து, மூன்று படி ஏறி, வீட்டுக் கதவைத் திறந்து, குளியலறை வரைக்கும் காட்டியிருந்தார். தரைத்தள வீடு. படங்கள் சுமார்தான். பூப்போட்ட பழைய திரைச்சீலை, ஜன்னலுக்கு வெளியே மூடுபனிக்குப் பதிலாக வண்டி நிறுத்துமிடம். ஓர் இரவுக்கு 260 வெள்ளி, முதல் வீட்டைவிட 30 அதிகம். அந்த நிமிடமே பதிவு செய்தேன்.

இதற்கு மேல் இரண்டு செலவு உண்டு. வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி 2017 முதல் வாங்குகிறார்கள். அது கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு முன்பணம் 200 வெள்ளி, காலி செய்யும்போது திரும்பிவிடும். வீட்டின் முழு முகவரியையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலேசியா போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்தில் தங்கும் முகவரி கேட்கிறார்கள்.

பசியாறிட்டீங்களா?

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரவு. மறுநாள் காலை ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. தாப்பா வழிச் சாலையில் வளைவுகள் அதிகம், அம்மாவுக்குத் தலைசுற்றல் வரும் என்பதால், ஈப்போ பக்கத்திலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறும் அகலமான சாலையைத் தேர்ந்தெடுத்திருந்தோம். வாடகை வண்டி ஓட்டி வந்த தமிழர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே கேட்டார்.

“வாங்கம்மா, பசியாறிட்டீங்களா?”

அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரித்தார். காலைச் சாப்பாட்டுக்கு இந்தச் சொல்லைத் தாத்தா கடைசி வரை சொன்னதாகவும், ஊரில் எல்லோரும் அதற்காகவே அவரைக் கேலி செய்ததாகவும் வண்டியில் சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த வழியில் வந்தால் ஊர்களின் வரிசை தலைகீழாகிவிடும். முதலில் கம்போங் ராஜா, அடுத்தது கோலா தெர்லா. பெயர்ப்பலகையை மகன்தான் முதலில் பார்த்தான். “அம்மாச்சி, உங்க ஊரு!”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சாலையின் இரண்டு பக்கமும், மலைச்சரிவு முழுக்க, வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றுக்குக் கீழே தக்காளி, கோஸ், கீரை. கேமரன் மலையில் இன்று காய்கறி விவசாயம்தான் கண்ணுக்கு முதலில் படுகிறது.

“இது இல்ல” என்றார் அம்மா. அதற்குப் பிறகு பிரிஞ்சாங் வரும் வரை பேசவில்லை.

மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனோம். வீடியோவில் பார்த்தபடியே எல்லாம் இருந்தது. சமையல் மேடையில் வீட்டுக்காரப் பெண்மணி ஒரு பொட்டலம் தேயிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்திருந்தார். அம்மா முதலில் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார். பால் காய்ச்சினார். புது வீட்டுக்குப் போனால் செய்வதை, நான்கு நாள் வாடகை வீட்டிலும் செய்தார்.

மறுநாள் காலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-ல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டம் அது. (திங்கட்கிழமை மூடியிருக்கும், கவனம்.) பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி மலை. மகன் படம் எடுத்துத் தள்ளினான். கீழே கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தமிழர்கள் அல்ல. இப்போது தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். கையால் கிள்ளாமல் கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். அம்மா அந்த ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவங்களுக்கும் அட்டை இருக்குமில்ல?” என்றார். இருக்கும் என்றேன்.

திரும்பும்போது ஜிம் தாம்சன் கதையை ஓட்டுநர் மகனுக்குச் சொன்னார். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் புகழ்பெற்ற அந்த அமெரிக்கர், 1967 மார்ச் 26-ம் தேதி இந்த மலையில் ஒரு விடுமுறை பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது வெளியே நடக்கப் போனவர். திரும்பி வரவே இல்லை. போலீசும் ராணுவமும் ஓராங் அஸ்லி பூர்வகுடிகளும் காட்டைச் சல்லடையாகச் சலித்தும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. “எங்களை எல்லாம் ஒரு வாரம் வெளியவே விடலை” என்றார் அம்மா. அப்போது அவருக்கு ஒன்பது வயது.

வீட்டுக்கு வந்த விருந்தாளி

மூன்றாம் நாள் கோலா தெர்லா. கோலா என்றால் ஆறு வந்து சேரும் இடம். அம்மாவின் நினைவில் இருந்ததும் ஓர் ஆற்றோரம்தான். ஓட்டுநர் விசாரித்து விசாரித்து அழைத்துப் போனார். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. மலையைத் திறந்து பயிர் வைத்த மண் மழையில் கரைந்து வருகிறது என்றார். லயம் இருந்த இடம் என்று ஒருவர் காட்டிய இடத்தில் பிளாஸ்டிக் கூரையும் உர மூட்டைகளும் இருந்தன. அம்மா பத்து நிமிடம் நின்றார். முழங்கால் வலித்தது. “போலாம்” என்றார்.

இதற்குத்தானா இவ்வளவு தூரம் என்று எனக்குள் ஒரு சோர்வு. வண்டிக்குத் திரும்பும் வழியில் ஒரு மளிகைக் கடையில் தண்ணீர் வாங்க நின்றோம். கல்லாவில் இருந்தவர் தமிழர். அம்மா சும்மா இருக்கவில்லை. தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், போன வருடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் யோசித்துவிட்டு, “அந்தத் தோட்டத்து ஆளு ஒரு பாட்டி இருக்காங்க, இருங்க” என்று போனை எடுத்தார்.

கால் மணி நேரத்தில் அந்தப் பாட்டி வந்துவிட்டார். அம்மாவைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அம்மாவின் முகம் அவருக்கு நினைவில்லை. ஆனால் தாத்தா வீட்டை, “லயத்துக் கடைசி வீடு, கோழி நெறைய வச்சிருந்தவங்க” என்று சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கடை வாசலில் நின்றபடி எவ்வளவு நேரம் பேச முடியும்? வண்டிகள் வந்து போகின்றன. மழை தூற ஆரம்பித்தது. அம்மா சட்டென்று சொன்னார்.

“அக்கா, நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. சாப்பிட்டுட்டுப் போலாம்.”

வீட்டுக்கு! நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்கு பேருக்கென்று எடுத்த வீடு. வெளியாட்கள் வருவதானால் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று விதியில் இருந்தது. இந்த முறை நான் விதியைப் படித்திருந்தேன். வண்டியில் ஏறியதும் வீட்டுக்காரப் பெண்மணிக்குச் செய்தி அனுப்பினேன். ‘அம்மாவின் சிறு வயதுத் தோட்டத்துக்காரர் ஒருவர், தன் மருமகளோடு நாளை சாப்பிட வரலாமா?’ பதில் ஒரே சொல்லில் வந்தது. ‘கேன்.’ மலேசியாவில் ‘சரி, தாராளமாக’ என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

மறுநாள் மாலை அவர்கள் வந்தார்கள். ஒரு பை நிறைய கோஸும் தக்காளியும், ஒரு டப்பாவில் நெத்திலிச் சம்பலும். பொரிக்கும் சமையல் செய்ய மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்ததால், அம்மா ரசமும் கூட்டும் வைத்தார். இருந்தவை இரண்டே பாத்திரங்கள், ஆறு தட்டுகள். அந்த ஆறு தட்டும் நிரம்பின.

சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் பூப்போட்ட திரைச்சீலைக்குக் கீழே சோபாவில் உட்கார்ந்தார்கள். விடியற்காலைப் பெரட்டு, கங்காணியின் சைக்கிள், மூடுபனியில் கொழுந்துக் கூடையோடு போகும் அம்மாக்கள், கோயில் திருவிழாவில் கொடுத்த பாயாசம் என்று ஒருவர் தொடங்க மற்றவர் முடித்தார். அம்மாவுக்குப் பாதி நினைவில்லாதது அவரிடம் முழுசாக இருந்தது.

பேச்சு 1969-க்கு வந்தது. இரண்டு வீடும் ஒரே லயம். அவருடைய அப்பா அதற்கு முன்பே குடியுரிமைக்கு எழுதிப்போட்டு நீல அட்டை வாங்கியிருந்தார். என் தாத்தா, எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று எழுதிப்போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வீடு இங்கேயே நின்றது, ஒரு வீடு கப்பல் ஏறியது.

“நீங்கள்லாம் போனப்புறம் ஒரு வருசம் லயமே வெறிச்சுன்னு கெடந்துச்சு” என்றார் அந்தப் பாட்டி. “துணி, தட்டுமுட்டு எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அம்மிக்கல்ல மட்டும் யாரும் எடுக்க முடியல. கப்பல்ல அதை யாரு தூக்கறது? வீட்டுக்கு வீடு வாசல்ல அம்மிக்கல்லு கெடந்துச்சு. எங்கம்மா அதுல ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டாங்க. ரொம்ப வருசம் அரைச்சோம். யாரு வீட்டோடதுன்னு தெரியாது.”

அம்மா அழவில்லை. “எங்க வீட்டோடதாத்தான் இருக்கும்” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். மருமகள் வண்டியை எடுத்தபோது இரவு பதினொன்று. மூன்று படி வரை அம்மா வந்து வழியனுப்பினார்.

அன்று ராத்திரி பாத்திரம் துலக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஹோட்டல் அறை எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. வரவேற்பறை சோபாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு காபி குடித்துவிட்டு, போன் நம்பர் வாங்கிக்கொண்டு பிரிந்திருப்பார்கள். வீடு என்பதால்தான் அம்மா தன் பிறந்த மண்ணில் ஒருவரை ‘வாங்க’ என்று கூப்பிட முடிந்தது. மெத்தையையும் மூடுபனியையும் காட்டிய எந்தப் படத்திலும் இந்த வசதியை யாரும் குறித்திருக்கவில்லை. ஒரு வீட்டை எடுக்கும் முன்பு, அங்கே உங்களுடைய ஒரு நாள் எப்படிப் போகும், யார் எங்கே உட்காருவார்கள், யார் வரக்கூடும் என்று கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். பிறகு படத்தைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை காலி செய்ய வேண்டும். அம்மா வீடு முழுக்கக் கூட்டி, போர்வைகளை மடித்து, அடுப்பைத் துடைத்தார். “அத்தை, அவங்க ஆள் வச்சுச் சுத்தம் பண்ணுவாங்க” என்றார் என் கணவர். “இருக்கட்டும் மாப்பிள்ளை. விருந்தாளி வந்துட்டுப் போன வீடு” என்றார் அம்மா. சாவி வாங்க வந்த பெண்மணி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 200 வெள்ளியை உறையில் போட்டு அம்மா கையிலேயே கொடுத்தார்.

ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது அம்மா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார். கோலா தெர்லா பாட்டியிடமிருந்து வாரத்துக்கு இரண்டு குரல் செய்தி வருகிறது. அதைச் சத்தமாக வைத்து இரண்டு முறை கேட்பார். போன ஞாயிற்றுக்கிழமை, கேட்டு முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அந்த வீடு அடுத்த மே மாசம் காலியா இருக்கான்னு பாரு.”

போனில் பார்த்தேன். இருந்தது.

“கீழ் வீடுதானே? மாத்திக் கீத்தி வச்சிருக்கப் போறாங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கோ.”